முன் பிரேக்கில் காற்று

என் மனைவிக்கு வேலை கிடைத்ததும் அந்த வேலை போனதும் ஒரே வாரத்துக்குள் நடந்தது. கிடைத்தது அவள் படித்த படிப்பால், போனது என்னால். சொந்தக்காரர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. கிரகம் சரியில்லை என்கிறார்கள், கண்ணேறு என்கிறார்கள், ஆளுக்கொரு கோயிலைச் சொல்லி விளக்குப் போடச் சொல்கிறார்கள். நானும் ஒன்றிரண்டு கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எனக்குத் தெரியும். பைக்கின் முன் பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தது. அதை எடுத்து முடிக்காமல் வண்டியைக் கிளப்பியவன் நான்.

நாங்கள் பள்ளத்தூரில் இருக்கிறோம். நான் காரைக்குடியில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். அவள் எம்.ஏ. தமிழ் படித்து, அதற்கு மேல் பி.எட்.டும் முடித்துவிட்டு ஒன்பது வருஷம் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் போடாத பள்ளிக்கூடம் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. கடைசியில் தேவகோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை இடம் காலியானது. நேர்காணலுக்குப் போய் வந்தாள். ஒரு வியாழக்கிழமை அங்கிருந்து போன் வந்தது.

“திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வந்துருங்கம்மா. தாளாளர் பதினோரு மணிக்கு வெளியூர் கிளம்புறாரு. அதுக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. நீங்க வரலைன்னா லிஸ்டுல அடுத்த ஆளு ரெடியா இருக்காக” என்றார் அலுவலகத்துக்காரர்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்று அழுதாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் சந்தோஷத்தில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று சாயங்காலமே காரைக்குடிக்குப் போய் ஒரு காட்டன் சேலை எடுத்தோம். எந்தக் கடையிலும் விலை குறைத்துக் கேட்காமல் விடாதவள், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பும்போது முன் பிரேக்கில் எண்ணெய் கசிவதைப் பார்த்தேன். வண்டி பழசு. கைப்பிடியிலிருந்து முன் சக்கரத்துக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் முன்னால் ஆறு வண்டி பிரித்துக் கிடந்தது. “நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை கிடையாது. திங்கக்கிழமை காலையில விடுங்கண்ணே, மத்தியானம் தாரேன்” என்றார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி சொன்னாள். “வண்டிய அப்படியே போடுங்க. நம்ம பஸ்ஸுல போவம். ரெண்டு பஸ்ஸு மாறுனா போச்சு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்குச் சேரப் போகிற முதல் நாள் கூட்டத்தில் இடிபட்டு, சேலை கசங்கி, வேர்த்து ஒழுகிக்கொண்டா போய் நிற்பது என்று நினைத்தேன். அதோடு இன்னொன்று. எனக்கு எதையும் நானே பழுது பார்த்துவிட வேண்டும். மிக்ஸி, குழாய், சீலிங் ஃபேன் எதையும் விட்டதில்லை. பாதி சரியாகும், பாதி குப்பைக்குப் போகும். போனில் ஒருவர் பிரேக் ஹோஸ் மாற்றுகிற வீடியோ போட்டிருந்தார். அவர் கை படப்படக் காரியம் அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இதற்கு ஒரு மெக்கானிக்கா என்று புது ஹோஸும் ஒரு சின்ன பாட்டில் பிரேக் ஆயிலும் செம்பு வாஷர்களும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கையில் இருந்தது. அதை என்ன செய்தேன் தெரியுமா? ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை தூங்கினேன். அப்புறம் எழுந்து பழைய ஹோஸைக் கழற்றிப் புதுசை மாட்டினேன். மாட்டி முடித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனி உள்ளே எண்ணெய் ஊற்றி, குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டியதுதான் பாக்கி. மெக்கானிக்குகள் அதை ‘ஏர் எடுக்கிறது’ என்பார்கள். வீடியோவில் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கழுவிவிட்டேன்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. எங்கள் பக்கம் இதற்குக் காலண்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவன் ஏழரைக்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட வேண்டும். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. உரக்கடைக்கு எல்லா ராகு காலத்திலும்தான் போகிறேன், வருகிறேன். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை என்றால் மனுஷனுக்குப் பயம் வந்துவிடுகிறது. ஏழு இருபதுக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

ஆறு மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன். இது ஒருவர் செய்கிற வேலை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவர் கைப்பிடியில் இருக்கிற பிரேக்கை நாலைந்து தடவை அமுக்கி, அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகை ஸ்பானரால் லேசாகத் திறக்க வேண்டும். எண்ணெயும் காற்றுமாகத் திருகில் மாட்டிய சின்னக் குழாய் வழியே வெளியே வரும். திருகை மூடின பிறகுதான் மேலே கையை விடலாம். முன்னாடி விட்டால் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

“அமுக்கு” என்பேன். அமுக்குவாள். “புடி” என்பேன். பிடிப்பாள். திருகைத் திறப்பேன், குமிழ் குமிழாக வரும், மூடுவேன். “விடு” என்பேன். விடுவாள்.

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. குமிழ் குறைந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது மேலே கைப்பிடிப் பக்கமிருக்கிற எண்ணெய் டப்பாவில் கொடக் என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் டப்பா காலி. மேலே எண்ணெய் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீடியோவில் அந்த ஆள் கத்திக் கத்திச் சொன்னார். நான் கீழேயே குனிந்திருந்தேன். அவளையாவது பார்க்கச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. டப்பா வற்றி, காற்றை உறிஞ்சி, குழாய் முழுக்க மறுபடியும் காற்று. செய்த வேலை அத்தனையும் பாழ்.

“கொஞ்சம் சொல்லக் கூடாதா? கண்ணு முன்னாடிதான இருக்கு டப்பா?” என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

“எண்ணெய் குறைஞ்சா சொல்லணும்னு நீங்க எங்க சொன்னீக? அமுக்கு, புடி, விடு, இதத்தான சொன்னீக?” என்றாள்.

நியாயம்தான். பாட்டிலில் மீதி இருந்ததை ஊற்றி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மணி ஏழு பத்து. கீழே காற்று வந்துகொண்டே இருந்தது. அவள் பிரேக்கை இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஏங்க, இன்னும் பொதுபொதுங்குது. கைப்பிடி வரைக்கும் வந்து முட்டுது.”

நானும் அமுக்கிப் பார்த்தேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்தடுத்து மூன்று தடவை அமுக்கினால் கொஞ்சம் பிடித்தது. “ரெண்டு தட்டுத் தட்டிப் புடிச்சா நிக்கும். பின் பிரேக்கு வேற இருக்குல்ல, மெதுவாப் பையப் போயிருவம்” என்றேன்.

அவள் சட்டென்று ஒரு யோசனை சொன்னாள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த யோசனைதான். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்துக்குள் கொண்டு போகிற பையை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். பை வாசலைத் தாண்டிவிட்டால் ஆள் கிளம்பின கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் குற்றமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம்.

“சர்டிபிகேட் பைய உங்க அண்ணன் வீட்டுல குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க ஆற அமர பிரேக்கப் பாருங்க. எட்டரைக்குக் கிளம்புனாக்கூட ஒன்பதரைக்குப் போயிரலாம்” என்றாள்.

பக்கத்து வீடு என் அண்ணன் வீடு. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவர்கள் மொட்டை மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் விழுந்தது. குழாயைத் திருப்பி வை என்றேன். முடியாது என்றான். அப்புறம் வார்த்தை தடித்து, எங்கள் அப்பா செத்ததற்கு யார் எவ்வளவு செலவு செய்தது என்பது வரை போய்விட்டது.

“அவன் வீட்டு வாசப்படிய மிதிக்கவா? அதுவும் நம்ம நல்ல காரியத்துக்கு? சோலியப் பாரு. ஏறு வண்டியில” என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஏறி உட்கார்ந்தாள். மணி ஏழு இருபத்தஞ்சு. அண்ணன் வீட்டு வாசலை நிமிர்ந்து பார்க்காமல் கடந்தேன். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

பத்து மணிக்கு இருக்க வேண்டிய இடம் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. கையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. இதை இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது நினைத்துக்கொள்வேன், சோறு இறங்காது.

முப்பதுக்கு மேல் போகவில்லை. காரைக்குடிக்குள் நுழைகிற இடத்தில் முன்னால் போன பஸ், கை காட்டிய ஓர் ஆளுக்காக நடுரோட்டில் நின்றது. பிரேக்கை அமுக்கினேன். அது கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தட்டுத் தட்ட நேரமில்லை. பின் பிரேக்கை மிதித்தேன், பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பஸ்ஸில் மோதவில்லை. அவ்வளவுதான் என் சாமர்த்தியம். வண்டி சாய்ந்தது, ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அவள் ரோட்டில் விழுந்தாள். விழும்போது வலது கையை ஊன்றிவிட்டாள்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. மணிக்கட்டுக்கு மேல் கை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, முதலில் கேட்டது, “பை எங்க?” என்றுதான். ரோட்டோரத்து டீக்கடைக்காரர் பையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு ஆட்டோவப் புடிங்க. நேரா ஸ்கூலுக்குப் போயிருவம். கையெழுத்துப் போட்டுட்டு வந்து கையப் பாப்பம்” என்றாள்.

“எந்தக் கையில போடுவ கையெழுத்து?”

“எடது கையில போடுறேன். போவமுங்க.”

மணி எட்டுகூட ஆகவில்லை. அப்போது ஆட்டோ பிடித்திருந்தால் ஒன்பது மணிக்குள் போயிருப்போம். அவள் வாய்விட்டுக் கெஞ்சினாள். நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

“ராகு காலத்துல, ஒடிஞ்ச கையோடயா அங்க போயி நிப்ப?” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்பதரை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அலுவலகத்துக்காரர் பாவம், நல்ல மனுஷன். “அடடா, கைய முதல்ல பாருங்க சார். ஆனா இங்க லிஸ்டுல அடுத்து உள்ள அம்மா ஒன்பது மணிக்கே வந்து உக்காந்திருக்காக. தாளாளர் கிட்டச் சொல்லிப் பாக்குறேன், நம்பிக்கை இல்ல” என்றார். அவள் இடது கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“ஐயா, வலது கைதான் ஒடிஞ்சிருக்கு. எடது கைப் பெருவிரல் நல்லாத்தான் இருக்கு. எம்.ஏ., பி.எட். படிச்சவ நான், கைநாட்டு வெக்கிறேன். பன்னெண்டு மணிக்குள்ள வந்துர்றேன், தாளாளரக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கய்யா.”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. “சரிங்கய்யா” என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தாள். மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. அதற்குள் அந்த அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு வகுப்பும் எடுத்திருப்பார்.

அடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். சொல்லி வைத்த மாதிரி எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை. “நல்ல நேரத்துல கிளம்புனதுனாலதான் கையோட போச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க.” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆப்பிளை எடுத்து அவர்கள் மேலேயே எறிந்திருப்பேன். அட மடப் பிறவிகளா, நல்ல நேரத்தில் கிளம்பினதால்தானடா போனது!

அண்ணனும் அண்ணியும்கூட வந்தார்கள், மூன்று வருஷத்துக்கு அப்புறம். அண்ணன் கதவோரம் நின்றான், எங்கே உட்காருவது என்று அவனுக்கும் தெரியவில்லை. என் மனைவி மறைக்கவில்லை. “பைய உங்க வீட்டுல வெச்சிட்டு வாரேன்னு சொன்னேக்கா. அவுக விடலை” என்றாள்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “வெச்சிருக்கலாம்ல தாயி. வேலை கெடச்சிருக்குன்னு தெரிஞ்சு, நீங்க போறதப் பாக்கத்தான் அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சன்னல்ல நின்னோம்.”

அன்றைக்கு யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உள்ள பூராம் காத்துதாண்ணே. யாருண்ணே பண்ணுனது இந்த வேலைய?”

“யாரோ ஒரு பய” என்றேன்.

“அவன் கையில கெடைச்சா ரெண்டு வெச்சு அனுப்புங்கண்ணே” என்றார். ஊசி போடுகிற சிரிஞ்சில் எண்ணெயை நிரப்பி, கீழே சக்கரத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி ஏற்றினார். காற்று தானாக மேலே வந்து டப்பாவில் குமிழ் விட்டுப் போய்விட்டது. இடையில் ஒரு டீயும் குடித்தார். மொத்தம் இருபது நிமிஷம்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சோறு போடுவாள். என் வண்டியில் மட்டும் ஏறவில்லை. கடைக்கு, கல்யாணத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, எங்குட்டும் பஸ்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. நான் காலண்டர் பக்கம் திரும்பவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவளே நேரம் பார்த்து, அவளே கிளம்பிப் போனாள். சாயங்காலம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு போய்க் காத்திருந்தேன். இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“பாடம் நல்லாத்தான் எடுத்தேன்” என்றாள். “போர்டுல எழுதத்தான் வரல. கை மேல போனா மணிக்கட்டு திரும்ப மாட்டேங்குது. நாலு வரி எழுதுறதுக்குள்ள சாக்பீசு மூணு தடவ கீழ விழுந்துருச்சு. பிள்ளைக சிரிச்சிருச்சுக. சொல்லி அனுப்புறோம்னாக.”

வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அன்றைக்கு அவள் பஸ் வரும் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள், ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக. மெதுவாகத்தான் ஓட்டினேன். பள்ளத்தூர் எல்லையில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கைத் தொட்டேன். வண்டி அந்த இடத்திலேயே ஆணியடித்த மாதிரி நின்றது.

பின்னாலிருந்து அவள் சொன்னாள். “பிரேக்கு நல்லாப் புடிக்குது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு ரோட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. கிளட்சை விடப் போனபோது, கோபமே இல்லாத குரலில் மீதியையும் சொன்னாள்.

“பையப் போங்க. இனி எங்குட்டும் போயிச் சேர எனக்கு அவசரமில்ல.”